பழைய பிக்கப்பில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: சிவப்பு வயரில் கவனம்

நாம் பிரேக் மிதிக்கும்போது டிரெய்லரின் மின்சார பிரேக்கையும் பிடிக்க வைக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதற்கென்று தனி சாக்கெட் இல்லாத பழைய பிக்கப்பில் நான்கு வயர்களையும் நாமேதான் இழுக்க வேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

கருப்பு வயர் பேட்டரி பாசிட்டிவுக்கு. நடுவே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே, சர்க்யூட் பிரேக்கர்: டிரெய்லரில் இரண்டு ஆக்சில் வரை 20 ஆம்பியர், மூன்றுக்கு 30. வெள்ளையை நேரே பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். துருப்பிடித்த பாடியில் எர்த் கொடுத்தால் பிரேக் விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். இந்த இரண்டும் மாறிப்போனால் கன்ட்ரோலர் காலி. நீலம் பின்னால், டிரெய்லர் வயரைச் செருகும் 7 பின் சாக்கெட்டுக்கு. இந்த மூன்றுக்கும் 10 கேஜ் வயர் போட்டால் கவலையில்லை.

பெரும்பாலும் சொதப்புவது சிவப்பில்தான். அது பிரேக் பெடல் ஸ்விட்சுக்குப் போக வேண்டும். டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். பெடலை மிதித்தால் மட்டும் எரிகிற முனைதான் சரி. எப்போதும் எரிகிற முனையில் கொடுத்தால், கன்ட்ரோலர் நாம் மிதித்துக்கொண்டே இருப்பதாக நினைக்கும். பின்விளக்கு வயரிலும் எடுக்காதீர்கள்: பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் எரிகிற வண்டிகளில், இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் கன்ட்ரோலருக்கும் சிக்னல் போய்விடும்.

கடைசியாக கெயின், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற செட்டிங். ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கன்ட்ரோலரின் கை லீவரை முழுக்கத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் லாக் ஆகும்வரை கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள். சுமை மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.