கோலாலம்பூர் வெக்கையில் மென்மையான பூ செண்ட்: 2 மில்லி சாம்பிளைச் சோதிக்கும் முறை

லைலாக், ஹையசிந்த், வயலெட், லில்லி ஆஃப் தி வேலி: இவை ஐரோப்பாவின் குளிர்ந்த வசந்தத்தில் மலர்பவை. அவற்றின் மணத்தைத் தனியாளாகக் கலந்து விற்பவர்களின் செண்டுகள் பெரும்பாலும் மெல்லியவை. 33 பாகை மதியத்தில் போட்டுப் பார்த்துவிட்டு "நிற்கவில்லை" என்று ஒதுக்குவது அவசர முடிவு. 2 மில்லி சாம்பிளை மூன்று நாள் முறையாகச் சோதித்தால் போதும். வழக்கமான தெளிப்பான் ஓர் அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி விடும்; ஆக, கையில் 20 அழுத்தல்கள்.

தபாலில் வந்த அன்றே திறக்க வேண்டாம். தபால் வண்டியிலும் தபால் பெட்டியிலும் வெந்து வந்திருக்கும். ஒரு நாள் இருட்டான அலமாரியில் ஆறட்டும்.

முதல் நாள் தாளில் மட்டும். ஓவியம் தீட்டும் கெட்டித் தாளை 1 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் வெட்டி, ஓர் அழுத்தல் தெளித்து, நேரத்தைக் குறியுங்கள். முதல் அரை நிமிடம் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். பிறகு 10 நிமிடம், 1 மணி, 4 மணி, மறுநாள் காலை என முகருங்கள். தாளில் மறுநாளும் மணம் இருந்து, தோலில் மட்டும் மறைந்தால், செண்டில் குறையில்லை. சூடும் வியர்வையும்தான் காரணம்.

இரண்டாம் நாள் தோல். குளித்துத் துவட்டி, மணமில்லாத கிரீம் தடவி, 10 நிமிடம் கழித்து முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு அழுத்தல். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் பறக்கும், கிரீம் அதைத் தாமதப்படுத்தும். தேய்க்காதீர்கள்; தேய்த்தால் சூடேறி, மேலே நிற்கும் இலை போன்ற பச்சை மணம் முதலில் ஓடிவிடும். அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், வீட்டில் சாம்பிராணியும் வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய மல்லிகைச் சரம் கூந்தலில் இருந்தால் சோதனையையே தள்ளிப்போடுங்கள்: மல்லிகையில் இயல்பாகவே இண்டோல் என்ற கனத்த மணப்பொருள் உண்டு, அந்த அடர்த்திக்கு முன் லைலாக் எழும்பாது.

இதே நாளில் இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும். 20 நிமிடம் ஏர்கோன் அறையில், 20 நிமிடம் வெளியே அஞ்சடியில் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை). குளிரில் பூ அடங்கிக் கிடக்கும். வெளியே வந்ததும் ஒரேயடியாக விரியும். அலுவலகத்துக்கு வாங்குபவர் முதலாவதைப் பாருங்கள், கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் என்றால் இரண்டாவதை.

மணம் போய்விட்டது என்று தோன்றினால் மறுபடி தெளிக்கும் முன் வீட்டில் ஒருவரை முகரச் சொல்லுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். வயலெட் மணம் தரும் ஐயனோன் என்ற வேதிப்பொருள் மூக்கைச் சற்று நேரம் மரத்துப்போக வைக்கும். மணம் மறைந்து மறைந்து திரும்பும். அடியில் இருக்கும் செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. உங்களுக்கு ஒன்றுமில்லாதது லிஃப்டில் பக்கத்தில் நிற்பவருக்குப் பலமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் துணி. நம் ஊருக்கு இதுவே சிறந்த வழி, ஏனென்றால் கழுத்தில் போட்டது வியர்வையோடு போய்விடும். பருத்தித் துணியின் உள்மடிப்பில், 15 - 20 செ.மீ. தள்ளி, இரண்டு அழுத்தல். பட்டிலும் வெள்ளை வேட்டியிலும் வேண்டாம். இயற்கைச் சாறுகள் மஞ்சள் கறை விடும்.

லில்லி ஆஃப் தி வேலி செண்டு வாங்குபவர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அந்தப் பூவிலிருந்து செண்டுக்கான எண்ணெய் எடுக்க முடிவதில்லை. 1956-இல் பிரெஞ்சு செண்டு வல்லுநர் எட்மோன் ரூட்னிட்ஸ்கா, இந்தப் பூவின் மணம் கொண்ட டியோரிசிமோ என்ற செண்டைச் செய்தபோதும் வேறு பொருள்களைக் கொண்டே அந்த மணத்தைக் கட்டினார். இந்த மணத்துக்குப் பரவலாகப் பயன்பட்ட லிலியால் என்ற செயற்கை மணப்பொருள், 2022 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப் பொருள்களில் தடைசெய்யப்பட்டது. ஆகவே பழைய குப்பியைப் பற்றிய புகழ்ச்சி புதிய குப்பிக்குப் பொருந்தாமல் போகலாம். எந்த ஆண்டுக் கலவை, செய்முறை மாறியதா என்று செய்தவரிடமே கேளுங்கள். ஒற்றை ஆளாகக் கலப்பவருக்கு அது விரல்நுனியில் இருக்கும்.

வாங்கிய பிறகு குப்பியைக் குளியலறையிலும் காரிலும் வைக்காதீர்கள். பெட்டியோடு துணி அலமாரியின் கீழ்த்தட்டே போதும். குளிர்பெட்டியில் வைத்துக் கலங்கினால் பயப்பட வேண்டாம், பூச்சாற்றின் மெழுகு உறைந்திருக்கும். வெளியே எடுத்தால் தெளியும். நிறம் கருத்தால் மட்டும் கெட்டதாகாது. தெளித்தவுடன் டர்ப்பன்டைன் போலச் சுரீரென்று அடித்தால் காற்றுப்பட்டுக் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தோலில் போடாதீர்கள்.