மாடியில் மூன்று வாளி: சமையலறைக் குப்பையை உரமாக்குவது எப்படி?

"நம்மளால முடிஞ்சது ஏதாவது செய்யணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். சோலார் தகடு, மின்சார ஸ்கூட்டர் எல்லாம் அப்புறம். முதலில் சமையலறையின் ஈரக் குப்பையைத் தனியாக எடுங்கள்.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பைதான். அது மற்றவற்றோடு ஒரே பையில் விழுந்தால் பால் பாக்கெட், பேப்பர், அட்டைப்பெட்டி எல்லாம் ஊறி நாறிவிடும். அதற்குப் பிறகு பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடமாட்டார், மொத்தமும் நம் புதுச்சேரியின் குருமாம்பேட் குப்பைக் கிடங்குக்குத்தான். குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வேறு கிளம்பும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. ஈரம் போய்விட்டால் மற்ற இரண்டையும் பிரிப்பது பெரிய வேலையே இல்லை.

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை பக்கம் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இந்தச் செய்முறை. பின்கட்டில் மரம் உள்ள பழைய வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு மரத்தடியில் ஒரு குழி போதும்.

படி 1: வாளி

மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்று வேண்டும். பெயின்டரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடியில் பத்துப் பன்னிரண்டு துளை, பக்கவாட்டில் சுற்றிலும் இரண்டு வரிசைத் துளை. ட்ரில் இல்லையென்றால் பழைய ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடையில் விற்கும் விலை உயர்ந்த கம்போஸ்ட் பெட்டி ஆரம்பத்தில் தேவையே இல்லை. மண்தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் வில்லியனூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம். அவ்வூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மண் மூச்சு விடும், அதிக ஈரத்தைத் தானே உறிஞ்சும். ஆனால் வீடு மாறும்போது தூக்க முடியாது.

வாளியைச் செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஒரு தட்டு. தண்ணீர் சொட்டித் தளம் கறையானால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

படி 2: சருகு

எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பன்தான் எரிபொருள், நைட்ரஜன் உடம்பு வளர்க்க. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை சீராக நடக்கும். இதை யாரும் நிறுத்துப் பார்க்க முடியாது. கைக்கணக்கு இதுதான்: ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு ஒரு கிண்ணம் சருகு.

சருகுக்கா நம்மூரில் பஞ்சம்? வேம்பு, பூவரசு, புங்கன் என்று தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. காலையில் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொல்லி வைத்தால் ஒரு சாக்கு நிறையக் கிடைக்கும். பெருக்கிய சருகைத் தெருமுனையில் கொளுத்துவதும் அந்த அளவுக்குக் குறையும். வெயில் காலத்திலேயே இரண்டு சாக்கு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்த பிறகு உலர்ந்த சருகுக்கு எங்கே போவீர்கள்? தேங்காய் நார்த்தூள், மரத்தூளும் ஆகும். பிளைவுட் அறுத்த தூள் மட்டும் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

படி 3: போடுவது

வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. அதன் மேல் அன்றைய கழிவு, அதன் மேல் மறுபடி சருகு. முதல் நாள் மட்டும் ஒரு கை சாணம் அல்லது அரை டம்ளர் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டாலும் நடக்கும், சற்றுத் தாமதமாக.

தோல், காம்பு, கீரைத்தண்டு, டீத்தூள், வாடிய பூ, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போகலாம். சாப்பிட்ட வாழையிலையைக் கழுவிக் கிழித்துப் போடுங்கள். முழு இலையாகப் போட்டால் பாய் விரித்தது மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். முருங்கைக்காய்ச் சக்கை மெதுவாகத்தான் மக்கும், பரவாயில்லை. சாம்பார், ஊறுகாய் மிச்சம் வேண்டாம். உப்பும் எண்ணெயும் செடிக்கு ஆகாது. மீன், கறி கண்டிப்பாக வேண்டாம், எலியும் பூனையும் விருந்துக்கு வந்துவிடும். மீன் கழிவுக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வாளி நிறைய மூன்று நான்கு வாரம் ஆகும், ஏனென்றால் உள்ளே போட்டது அமுங்கிக்கொண்டே போகும். நிறைந்ததை மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளி. மூன்றாவது நிறையும்போது முதல் வாளி தயார்.

படி 4: வாளி பேசுவதைக் கேளுங்கள்

அழுகிய முட்டை நாற்றமா? காற்றில்லை, ஈரம் அதிகம். சருகு சேர்த்துக் கிளறினால் இரண்டு நாளில் அடங்கும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் கார்பன் போதவில்லை. மருந்து அதே சருகுதான். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒரு சொட்டு வருமா வராதா என்ற அளவில் ஈரம் இருக்க வேண்டும்.

வெள்ளைப் பூஞ்சணம் நல்லது. அரிசி அரிசியாகத் தொடங்கிப் பழுப்பாகத் தடித்து நெளியும் புழுக்களைப் பார்த்துத்தான் பாதிப்பேர் வாளியைத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அவை கறுப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, அந்த ஈ வீட்டுச் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதும் இல்லை. உங்களை விட வேகமாக வேலை செய்யும், விட்டுவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாளிகளைப் படிக்கட்டுக்கு அடியிலோ சன்ஷேடுக்குக் கீழோ நகர்த்துங்கள். சருகை ஒன்றரைக் கிண்ணமாக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மாடியிலேயே விட்டுவைக்காமல் உள்ளே எடுத்து வையுங்கள். 2011-இல் தானே, 2024-இல் பெஞ்சல் என்று இந்தக் கரை பார்த்த புயல்களுக்குப் பெயின்ட் வாளி ஒரு பொருட்டே இல்லை.

படி 5: எடுப்பது

கறுத்து, உதிரியாகி, மழை பட்ட மண்ணின் வாசம் வந்தால் ஆயிற்று. மணல் சல்லடையில் சலித்து, மக்காததை அடுத்த வாளியில் போடுங்கள். ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு மண். கடற்கரைப் பக்கத்து மணல்மண்ணில் தண்ணீர் நிற்காது; இந்த உரம் கலந்தால் ஈரம் பிடிக்கும். முதலில் சிறுகீரை விதையுங்கள், நான்கு வாரத்தில் பறிக்கலாம். செடி வளர்க்க இடமோ மனமோ இல்லாதவர்கள் தெரு மரத்தடியில் கொட்டலாம்.

உலர்ந்த குப்பை பற்றி இரண்டே வார்த்தை. பான்லே பால் பாக்கெட்டின் முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே வாய்க்காலுக்குப் போகும். ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறி, கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பேட்டரி, காலாவதியான மாத்திரை, டியூப்லைட்டைத் தனிப் பெட்டியில் வைத்து, வண்டி வரும்போது சொல்லிக் கொடுங்கள்.

மீன் கழிவுக்கு

பெரிய மார்க்கெட்டுக்குத் தூக்குவாளியோடு போனால் மீன் வெட்டும் அக்கா அதிலேயே போட்டுத் தருவார், பிளாஸ்டிக் பை மிச்சம். தலை, குடல், செதிலை நிறுத்து, அதே எடைக்கு நாட்டு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வையுங்கள். டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பொங்கும் என்பதால் முதல் வாரம் அவ்வப்போது மூடியைத் தளர்த்தி மூடுங்கள். மூன்று வாரம் கழித்துப் பழ வாடையோடு தேன் நிறத்தில் வடிவதுதான் மீன் அமிலம் என்ற திரவ உரம். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். எவ்வளவு நன்றாகப் புளித்திருந்தாலும் லேசாக மீன் வாடை இருக்கும், அதனால் தெளிக்கும் அன்று மாடியில் துணி காயப்போட வேண்டாம்.