மலைப்பாதையில் நம்பர் கட்டையும் மூடி போட்ட குழாயும் கண்டால்

இலங்கை மலையகத்தில் ஹோர்ட்டன் சமவெளியிலோ நக்கிள்ஸ் பக்கமோ சிவப்பு மை பூசிய கட்டை ஒன்று தெரிந்தால் போதும், "இங்கே கேஸ் எடுக்கப் போறாங்க" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றத் தொடங்கிவிடும். வாயு தங்குவது தடித்த படிவுப் பாறைகளில். மலையகத்தின் அடியில் இருப்பதோ நைஸ், சார்னொக்கைட் போன்ற உருமாறிய பாறை. 2011இல் வாயு கண்டுபிடிக்கப்பட்டதும் மன்னார்க் கடலடியில்தான். ஆகவே நீங்கள் கண்டது வேறு ஏதோ ஒன்று.

சதுப்பில் குமிழி வந்தால், அழுகிய புல் விடும் சதுப்பு வாயு. நீர்மேல் வானவில் நிறப் படலம் மினுங்கினால் குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். அநேகமாக மேலே எங்கோ ஓடும் பம்பிலிருந்து கசிந்த டீசல்.

லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள சரிவில் மூடிய குழாயோ இழுத்துக் கட்டிய கம்பியோ இருந்தால், பெரும்பாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கண்காணிப்புக் கருவி. தொடவே வேண்டாம். கம்பியில் கால் இடறினாலே அளவு பிழைத்துவிடும். குழாய்க்குள் ஒரு கூழாங்கல் விழுந்தால் அளக்க உள்ளே இறக்கும் கருவி சிக்கி, துளையே வீணாகிவிடும். மீரியபெத்தையில் 2014இல் நடந்த மண்சரிவை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, உருளை உருளையாகப் பாறைத்துண்டு அடுக்கிய பெட்டிகளும் சாம்பல் நிறச் சேறும்: கனிமத்துக்காகத் துளையிட்ட தடமாக இருக்கலாம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மற்றது மாணிக்கக்கல் குழி. ஓடை மேலே தெளிந்தும் கீழே கலங்கியும் ஓடினால், இடையில் எங்கோ மண் கழுவுகிறார்கள். குழி விளிம்பு உள்ளே அரித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஆழமான குழிக்குள் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம், இறங்காதீர்கள். அங்கே ஆட்கள் இருந்தால் போனை எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

ஆளில்லை என்றால் மூன்று படம் போதும்: தூரத்திலிருந்து சுற்றுப்புறம் தெரிய ஒன்று, கட்டையின் நம்பர் வாசிக்கக்கூடியதாய் ஒன்று, கட்டைக்குப் பக்கத்தில் பேனையை வைத்து அளவு தெரிய ஒன்று. கமராவில் லொகேஷனை முதலிலேயே போட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் மரம் அடர்ந்த இடத்தில் ஓரிரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த படத்தின் லொகேஷன் பக்கத்து மலையைக் காட்டும்; போய்த் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். கட்டையைப் பிடுங்கினாலும் இதே கதைதான், இருந்த இடத்துக்கு அடையாளமே மிஞ்சாது. தேசியப் பூங்காவில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதால் அங்கே பாதையிலிருந்தே ஸூம் பண்ணி எடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி என்றால் வாசலில் உள்ள வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் சொல்லுங்கள். நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் பொறுப்பு. தோட்டக் காணி என்றால் தோட்ட அலுவலகத்திலும் கிராம சேவகரிடமும். கண்ணெதிரே இயந்திரம் ஓடினால், பாதுகாப்பான தூரத்துக்கு வந்தபின் பொலிஸுக்கு 119. பேஸ்புக்கில் இடத்தின் பெயரோடு போடாதீர்கள்: கல் தேடும் அடுத்த கூட்டத்துக்கு வழி காட்டியதாகிவிடும்.