நெய் வரைக்கும் கேளுங்கள்: ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று எழுதப் போவதில்லை, அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். இது சாப்பாட்டு ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும். போன ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்கு, இங்கிலாந்திலிருந்து பண்ருட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனோம். அங்கே குலதெய்வம் கோயில் வாசலில் என் எட்டு வயது மகள் மூச்சுக்குத் திணறினாள். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபம் யார் மேல் என்று இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அவளுக்கு முந்திரி ஆகாது. பிஸ்தாவும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், ஒன்று ஆகாதவர்களுக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. பண்ருட்டிக்காரன் வீட்டில் முந்திரி ஆகாத பிள்ளை. எங்களுக்கு மூன்று காணி முந்திரிக்காடு இருந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது அதில் முக்கால்வாசி வேரோடு சாய்ந்து போனது. அப்பா திரும்பவும் கன்று வைத்தார். நான் அடுத்த வருஷமே விசா வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காலேஜுக்கு எனக்குக் கட்டின ஃபீஸெல்லாம் சாய்ந்துபோன அந்த மரங்கள் காய்த்த காசு. அந்தக் கொட்டையில் ஒன்று என் பிள்ளை வாயில் பட்டால் உயிருக்கு ஆபத்து என்று அப்பாவிடம் போனில் சொன்ன அன்றைக்கு, "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

முதலில் 'அலர்ஜி' என்ற சொல்லைப் பற்றி. ஊரில் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும், அதுதான் பிரச்சினை. தூசி பட்டால் தும்முவது அலர்ஜி, கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிப்பது அலர்ஜி, கருவாடு தின்றால் தடிப்பது அலர்ஜி. எல்லாமே ஒரு மாத்திரையில் போகிறவை. "பாப்பாவுக்கு முந்திரி அலர்ஜி" என்றால் அவர்கள் காதில் "கொஞ்சம் அரிக்கும்" என்றுதான் விழுகிறது. 'ஒவ்வாமை' என்றால் இன்னும் மோசம், அது ஆஸ்பத்திரி போர்டில் இருக்கிற சொல். நான் இப்போது "முந்திரி பட்டா தொண்டை அடைச்சுக்கும், மூச்சு நின்னுடும், அவளுக்கு அது விஷம்" என்றுதான் சொல்கிறேன். விஷம் என்ற சொல்லுக்கு வாயடைத்துப் போகிறார்கள். அடைத்துப் போகட்டும்.

அப்புறம் பொருளின் பெயர். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர், மணிலாக்கொட்டைதான் அப்படி ஆனது. மதுரைப் பக்கம் வெறும் 'கடலை' என்றாலே அது வேர்க்கடலையாக இருக்கலாம், ஆனால் கடலை மாவு வேறு, கடலைப்பருப்பு வேறு, பொட்டுக்கடலை வேறு. கன்னியாகுமரியில் முந்திரிப்பருப்பு அண்டிப்பருப்பு. யாழ்ப்பாணத்தில் வேர்க்கடலை கச்சான், முந்திரி கஜு, அங்கே 'முந்திரிகை வத்தல்' என்பது நம்முடைய உலர்ந்த திராட்சை. நீங்கள் போகிற ஊரில் உங்கள் பிள்ளைக்கு ஆகாத பொருளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டு, முடிந்தால் பொருளையே கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு ஒரே பிடிவாதம். பிள்ளைக்கு எட்டு வயதாகியும் காது குத்தவில்லை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவில்லை, இந்தத் தடவை வைத்தே ஆக வேண்டும், வைத்த பொங்கலில் பிள்ளை ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். போனில் ஆரம்பித்தது, நாங்கள் வந்து இறங்கிய அன்றைக்குத் தெருவில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிற அளவுக்குப் போனது. பன்னிரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் நேரத்துக்கு வராதவன் நான். முடியாது என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சரி என்றேன். ஆனால் முந்திரி இல்லாமல் தனிப் பானையில் வைக்க வேண்டும் என்றேன். பெரியம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரிடா தம்பி, எனக்குத் தெரியாதா" என்றார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெரிய பானை ஒன்று, பக்கத்தில் சின்னப் பானை ஒன்று. சின்னப் பானையில் ஒரு முந்திரிகூட விழவில்லை, நான் நின்று பார்த்தேன். ஆனால் நான் மாலை வாங்க நகர்ந்த நேரத்தில், பெரிய பானைக்காக முந்திரியும் திராட்சையும் வறுத்த வாணலியில் மிச்சம் இருந்த நெய்யை, பிள்ளைக்கு வாசமாக இருக்கட்டும் என்று சின்னப் பானையில் ஊற்றிவிட்டார். முந்திரியை எல்லாம் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, வெறும் நெய்யை மட்டும்.

ஒரு வாய்தான் சாப்பிட்டாள். ஐந்து நிமிஷம் இருக்கும், "அப்பா, தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு" என்று செருமினாள். அப்புறம் இருமல். கீழ் உதடு ஒரு பக்கம் மட்டும் வீங்கியது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. நான் பையைத் திறந்தேன், உள்ளே மஞ்சள் பை இல்லை. இந்த மாதிரி நேரத்தில் உடனே தொடையில் போட வேண்டிய அட்ரினலின் பேனா ஊசி இரண்டும் அந்த மஞ்சள் பையில்தான் இருந்தன. முந்தின நாள் ராத்திரி என் அக்கா அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். சூடாக இருந்திருக்கிறது. மருந்தாயிற்றே, கெட்டுப்போகுமே என்று எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். எங்களிடம் சொல்ல மறந்துவிட்டாள். வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி.

அக்கா மகன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். போய் வர அவனுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒருவர் தண்ணீர் குடிக்க வைக்கப் பார்த்தார், ஒருவர் முதுகைத் தட்டினார், இன்னொருவர் "எழுந்து நடக்கச் சொல்லு, காத்து வரட்டும்" என்றார், பூசாரி திருநீறு பூசினார். திருநீற்றை மட்டும் நான் தடுக்கவில்லை. எழுப்பாதீர்கள், தயவுசெய்து. இந்த நிலையில் பிள்ளையை நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். என் மனைவி மண் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை மூச்சு விடும்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. பொங்கல் பானை அடுப்பில் கொதிக்கிற சத்தமும் கூடவே கேட்டது.

ஊசி வந்தது. பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. தொடையின் வெளிப்பக்கம், பட்டுப்பாவாடைக்கு மேலேயே வைத்து அழுத்தினேன். வேலை செய்தது. நாலைந்து நிமிஷத்தில் விசில் குறைந்தது. இரண்டாவது ஊசி என் கையில் தயாராக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் அதையும் போட வேண்டும் என்றுதான் எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார்.

இதை எல்லாம் எழுதுவது அக்காவைக் குறை சொல்ல அல்ல. அவள் செய்தது அக்கறை. ஆனால் இந்த ஊசியை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, 25 டிகிரிக்குள் இருப்பது நல்லது, வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் விடக்கூடாது. சித்திரை வெயிலில் இதெல்லாம் கஷ்டம்தான். வெப்பம் உள்ளே போகாத பை வாங்கி, அதையும் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். ஊசியில் இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகத் தெரிய வேண்டும், பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் மாற்ற வேண்டிய ஊசி. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பையை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டி, இதை யாரும் இடம் மாற்றக்கூடாது என்று சொல்லுங்கள். நான் காட்டவில்லை. விருந்தாளி மாதிரி வந்து பையை மூலையில் வைத்துவிட்டு இருந்தேன், அது என் தப்பு.

நான்கு ஊசி கொண்டு போங்கள், இரண்டு போதாது. ஒன்றைப் போட்டுவிட்ட பிறகு புதிதாக வாங்க பண்ருட்டியிலும் கடலூரிலும் ஏழெட்டு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். பேனா ஊசி எங்கும் இல்லை, பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. மருந்து இல்லாமல் இல்லை, அட்ரினலின் ஆஸ்பத்திரிகளில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் அதை உறிஞ்சி அளவு பார்த்துப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று. நாங்கள் போன இடத்தில் நர்ஸ் முதலில் எடுத்தது ஏவில் ஊசி. அது அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அட்ரினலின்தான் முதல் மருந்து. ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று, எத்தனை மணிக்குப் போட்டது என்று காட்டிச் சொன்னதும் டியூட்டி டாக்டர் உடனே புரிந்துகொண்டார். ஒரு மணி நேரத்தில் பிள்ளை சிரித்துப் பேசியதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகவில்லை. அடங்கின மாதிரி தெரிந்து சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும் என்பது தெரியும், ராத்திரி அங்கேயே கிடந்தோம். நீங்களும் அங்கேயே இருங்கள், யார் முகம் சுளித்தாலும். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, இலங்கையில் 1990. இரண்டுக்கும் காசு இல்லை. போய் இறங்கிய அன்றைக்கே கிட்டத்தில் ராத்திரியும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹோட்டலில் "நட்ஸ் இருக்கா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் நட்ஸ் என்றால் அவர்களுக்குப் பாக்கெட்டில் வருகிற பாதாம், பிஸ்தா. "குருமாவுக்கு என்னென்ன அரைக்கிறீங்க" என்று கேட்டால் மாஸ்டர் தேங்காய், கசகசா, முந்திரி என்று அவராகவே சொல்வார். பரிமாறுகிற தம்பியிடம் கேட்டுப் பயனில்லை, மாஸ்டரைப் பாருங்கள். வெண்பொங்கல், கேசரி, பாயசம் இதிலெல்லாம் முந்திரி கண்ணுக்குத் தெரியும், குருமாவிலும் கிரேவியிலும் தெரியாது. வேர்க்கடலை ஆகாதவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி, புளியோதரை, இட்லிப் பொடி மூன்றும் சந்தேகம்தான். இப்போது எல்லா ஊரிலும் மரச்செக்குக் கடலெண்ணெய் வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் இல்லாத கடலைப் புரதம் செக்கு எண்ணெயில் இருக்கும். வெளிநாட்டில் ஒத்துக்கொண்ட கடலெண்ணெய் ஊரில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பாக்கெட் பொருளில் இந்தியாவின் 2020 லேபிள் விதிப்படி வேர்க்கடலை, கொட்டை வகைகள், பால், முட்டை, மீன், சோயா, கோதுமை எல்லாம் குறிப்பிட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் எள் உண்டு, அமெரிக்காவில் 2023 முதல் உண்டு. அந்தப் பழக்கத்தில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியை மட்டும் பார்த்துவிட்டு எள் ஆகாத பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், பொருள் பட்டியல் முழுவதையும் படியுங்கள். ஸ்வீட் கடையில் தட்டில் அடுக்கி வைத்திருப்பதற்கு எந்த லேபிளும் கிடையாது, எங்கள் பிள்ளைக்கு அந்தக் கடைகளே கிடையாது.

எனக்குக் கடைசியில் வழி காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. பிள்ளை காசிக்குப் போய் முந்திரியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடு, ஒருத்தரும் வற்புறுத்த மாட்டார்கள் என்றார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் இருந்து எனக்கு வேறொன்று தோன்றியது. பெரியம்மாவிடம் போய், "புரட்டாசி சனிக்கிழமை கவிச்சி பட்ட சட்டியில் சாமிக்குப் படையல் செய்வீங்களா" என்று கேட்டேன். "சீ, கரண்டியைக்கூடத் தொட மாட்டேனே" என்றார். பிள்ளைக்கு முந்திரி அந்தக் கவிச்சி மாதிரி, சட்டி, கரண்டி, வறுத்த நெய் எதுவும் படக்கூடாது என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதை மொதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதாடா" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பண்ருட்டி பாத்திரக் கடையில் இருந்து ஒரு எவர்சில்வர் சட்டியும் மூடியும் கரண்டியும் வாங்கி வந்தார். மூன்றிலும் என் மகள் பேரை வெட்டச் சொல்லியிருக்கிறார். இனிஷியலோடு, தேதியும் போட்டு. அந்த இரண்டு நாளும் அவளுக்கு அதில்தான் சோறு பொங்கினார், கழுவித் தனியாக வெயிலில் கவிழ்த்தார். இப்போது அது துணியில் சுற்றிப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், சட்டியை எறக்கிக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்கிறார்.