முதல் பந்திக்கு மட்டும் உலை வைக்காதீர்கள்: வீட்டு போக்கருக்கு எத்தனை சிப் வேண்டும்?

சம்பா அறுத்து, வயலில் தெளித்த உளுந்தையும் எடுத்துவிட்டால் எங்கள் குத்தாலம் பக்கத்தில் மேட்டூர் திறக்கும்வரை, அதாவது ஜூன் 12 வரை, கொஞ்சம் மூச்சுவிடலாம். அந்த நாட்களில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஜமக்காளம் விரித்துவிடுவோம். அப்பா காலத்தில் ரம்மி, கணக்குக்குப் புளியங்கொட்டை. எங்களுக்கு இப்போது போக்கர்.

போன மே மாதம் பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன் ஒரு அலுமினியப் பெட்டியைத் திறந்து காட்டினான். காசுக்குப் பதில் வைத்து ஆடுகிற வட்ட வில்லைகள், அதாவது சிப். ஐந்து நிறம், நிறத்துக்கு 100, மொத்தம் 500 சிப். "எட்டுப் பேருக்குத் தாராளமாப் போதும் சித்தப்பா" என்றான். நானும் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இதையேதான் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிற எல்லாரும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

சீட்டுக்கட்டு இரண்டு வேண்டும், கை துடைத்துவிட்டுச் சீட்டைத் தொட வேண்டும் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு ராத்திரி ஆடினால் தானே தெரிந்துவிடும். சிப் எண்ணிக்கை அப்படி இல்லை. பணம் கொடுத்து வாங்கி, ஆட்டம் சூடாகி, நடுராத்திரி ஒரு மணிக்குத்தான் அது தப்பு என்று தெரியும்.

கணக்குக்கு எங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிளைண்டு என்றால் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகக் கட்டுகிற பணம். சின்ன பிளைண்டு 1 ரூபாய், பெரிய பிளைண்டு 2 ரூபாய். உட்காரும்போது ஆளுக்கு 200 ரூபாய், அதாவது பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு. எட்டுப் பேர்.

நிறத்துக்கு 100 என்று வாங்குவது

பெட்டியில் அழகாகத்தான் இருக்கும். வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500 என்று வைத்துக்கொண்டால் அந்தப் பெட்டியின் மொத்த மதிப்பு 63,100 ரூபாய். அதில் ஊதா மட்டும் 50,000. 200 ரூபாயோடு உட்காருகிற ஆட்டத்தில் ஊதா எப்போது வெளியே வரும்? வரவே வராது. கறுப்பில் பத்துப் பதினைந்து வந்தால் அதிகம். 500 சிப்புக்குக் காசு கொடுத்து, கிட்டத்தட்ட 200 சிப் பெட்டியிலேயே தூங்கும்.

ஓயாமல் கைமாற வேண்டிய சிவப்போ எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12தான். போக்கரில் பந்தயம் பெரும்பாலும் இரண்டாவது நிறத்தில்தான் ஓடும். 10 கட்டுவார்கள், 20 ஆக்குவார்கள், 35 ஆக்குவார்கள். எல்லாம் சிவப்பு. அது தீர்ந்தால் ஒவ்வொரு கைக்கும் "பச்சைக்குச் சில்லறை இருக்கா மாப்ளே" என்று ஒருவர் எழுந்து நிற்பார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுப்பாரே, இறங்கும்போது நாம் மறந்துவிடுவோமே, அந்தக் கதை ஜமக்காளத்தில் நடக்கும்.

எட்டுப் பேருக்கு 500 என்றால் நான் வைத்திருக்கும் பிரிவு இதுதான்: 1 ரூபாய் 100, 5 ரூபாய் 200, 25 ரூபாய் 150, 100 ரூபாய் 50. மொத்தம் 9,850 ரூபாய். தொடக்கத்தில் ஆளுக்கு ஒன்று 10, ஐந்து 18, இருபத்தைந்து 4. கூட்டிப் பாருங்கள், 200 சரியாக வரும். எட்டுப் பேருக்கும் கொடுத்தபிறகு பெட்டியில் இன்னும் 8,250 ரூபாய்க்குச் சிப் இருக்கும்.

ஆறு பேர், 300 சிப் என்றால் 60, 120, 80, 40. மதிப்பு 6,660. அதுவும் தாங்கும். 25, 50 என்று உருளையாகத் தனியே விற்கிறார்கள். கலந்து கட்டிய பெட்டியைவிட அப்படி வாங்குவதுதான் நல்லது.

முதல் சுற்றுக்கு மட்டும் எண்ணி வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கல்யாணத்தில் தவசிப்பிள்ளை முதல் பந்தியில் எத்தனை இலை விழும் என்று மட்டும் பார்த்து உலை வைப்பாரா? கடைசிப் பந்தி வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் அரிசி களைவார். சிப் வாங்குகிறவர்கள் முதல் பந்தியோடு நின்றுவிடுகிறார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 200, ஆக 1,600. அதற்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் எங்களுடையதுபோல் சிப்பின் மதிப்பு நேராக ரூபாயாக இருக்கிற கேஷ் ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து போவதில்லை. இன்னொரு 200 கொடுத்து மறுபடி உட்காருவார். ஜெயித்தவரும் உடனே கிளம்புவதில்லை. அவர் முன்னால் குவிந்த சிப் அங்கேயே இருக்கும். யாராவது எழுந்து காசாக்கினால்தான் சிப் பெட்டிக்குத் திரும்பும். அதனால் ஜமக்காளத்தில் இருக்கும் தொகை மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் 1,600-இல் ஆரம்பித்த ஆட்டம் 5,000-ஐத் தாண்டிய ராத்திரிகள் உண்டு. ஆள் எண்ணிக்கையை 200-ஆல் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகைக்குக் குறைவாகப் பெட்டி இருக்கக் கூடாது.

என் முதல் பெட்டி 300 சிப். வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, ஒவ்வொன்றும் 100. மொத்தம் 3,100 ரூபாய். ஒரு காணும் பொங்கல் ராத்திரி, ஏழு பேர். ஆரம்பத்தில் 1,400 போயிற்று. பன்னிரண்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தால் அடியில் இருக்கும் பஞ்சு மெத்தைதான் தெரிந்தது. இரண்டு பேர் கையில் ரூபாயை வைத்துக்கொண்டு "சிப் குடு" என்று நிற்கிறார்கள்.

அப்போது நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். "வெள்ளையை எல்லாம் குடுங்க, காசாத் தந்துடறேன். இனிமே வெள்ளை 50 ரூபாய்" என்று அறிவித்தேன். பிளைண்டை 5, 10 ஆக்கினோம். எல்லாரும் வெள்ளையைத் தள்ளினார்கள், தகர டப்பாவிலிருந்து அதற்குக் காசு கொடுத்தேன், நோட்டில் எழுதினேன். அப்புறம் அதே வெள்ளையை 50 ரூபாய்க்கு விற்றேன். ஆட்டம் மூன்றரை வரை ஓடிற்று.

கணக்கு முடித்தபோது டப்பாவில் 441 ரூபாய் குறைந்தது.

மூன்று தடவை எண்ணினோம். தூக்கக் கலக்கம், தோற்ற எரிச்சல், எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக வந்திருந்த ஒரு மாமா மேல் பேச்சு திரும்பியது. நேராக யாரும் சொல்லவில்லை. "புதுசா வந்தவங்களுக்குக் கணக்கு பிடிபடாது" என்று ஒரு வார்த்தை விழுந்தது, அவ்வளவுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காலையில் காபி குடித்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். வெள்ளைக்குக் கொடுத்த காசு 91 ரூபாய் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பெட்டியில் வெள்ளை எத்தனை? 100. அப்படியென்றால் ஒன்பது வெள்ளை என்னிடம் திரும்பாமலே ஜமக்காளத்தில் இருந்திருக்கிறது. யாருடைய சிவப்பு அடுக்குக்கு அடியிலாவது கிடந்திருக்கும். ஒவ்வொன்றும் 1 ரூபாயாக இருந்தது, என் ஒரு வார்த்தையில் 50 ஆகிவிட்டது. ஒன்பது தடவை 49, 441. பைசா பிசகாமல் அதேதான்.

யாரும் திருடவில்லை. தப்பு என்னுடையது. பெட்டியில் கறுப்பு 40 இருந்திருந்தால் அந்த அறிவிப்புக்கே வேலை இருந்திருக்காது. 441-ஐ நான் போட்டுவிட்டேன். மாமா வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன், "பரவால்ல தம்பி" என்றார். ஆனால் அதற்கப்புறம் எங்கள் கூடத்தில் அவர் சீட்டுக்கு உட்காரவில்லை. இப்போதும் புதுப் பையன்கள் யாராவது "சிப் தீந்தா இன்னொரு கலருக்கு விலையை மாத்திக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆட்டம் ஆரம்பித்தபின் நிறத்தின் மதிப்பைத் தொடவே கூடாது. சிப் தீர்ந்தால் புதிதாக யாருக்கும் விற்காதீர்கள். நிறைய வைத்திருப்பவர் ஒருவரிடம் கொஞ்சம் காசாக்கி, அதை மற்றவருக்குக் கொடுங்கள். ஆட்டம் ஐந்து நிமிஷம் நிற்கும், நிற்கட்டும்.

மறு வாங்கலுக்குச் சில்லறையாகக் கொடுப்பது

பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மனசோடு மறுபடியும் பத்து ஒன்று, பதினெட்டு ஐந்து என்று எண்ணிக் கொடுப்பார். இரண்டு பேருக்குக் கொடுத்தால் சிவப்பில் 36 போய்விடும். வேண்டாம். ஒரு கறுப்பு, நான்கு பச்சை கொடுங்கள். சில்லறை பக்கத்தில் ஜெயிப்பவரிடம் மலையாக இருக்கும், அவரிடம் மாற்றிக்கொள்ளட்டும். இதனால் அவருடைய குவியலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருங்கும்.

ஒன்றுகளைக் குவிப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. 200 ரூபாயையும் ஒன்றாகவும் ஐந்தாகவுமே கொடுத்தால் நடுவில் சேர்கிற ஒவ்வொரு பந்தயக் குவியலையும் நெல் அளப்பதுபோல் அளக்க வேண்டியிருக்கும். எங்கள் பெரியப்பா சிப் எண்ணும்போதுகூட களத்துமேட்டுப் பழக்கத்தில் முதலாவதை "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார். லாபம், ரெண்டு, மூணு என்று அவர் நாற்பது வெள்ளையை எண்ணி முடிப்பதற்குள் மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒன்று ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

ரூபாய் நோட்டுப்படி மதிப்பு வைப்பது

1, 2, 5, 10, 20, 50 என்று ஆறு நிறம் வைக்காதீர்கள். நான்கு மடங்கு அல்லது ஐந்து மடங்காகத் தாவட்டும்.

டூர்னமெண்ட் பெட்டி வாங்குவது

25, 100, 500, 1000 என்று எண் அச்சடித்த பெட்டியை விலை குறைவு என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். ஒருவர் மிஞ்சும்வரை ஆடுகிற டூர்னமெண்டில் அந்த எண் வெறும் புள்ளி, ரூபாய் இல்லை. வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். பைசாவாகப் படியுங்கள். 25 என்பது நாலணா, 100 என்பது ஒரு ரூபாய், 500 ஐந்து, 1000 பத்து. நாலணாக் காசு 2011-இலேயே செல்லாமல் போய்விட்டது, ஜமக்காளத்தில் செல்லும். பிளைண்டு நாலணா, எட்டணா. ஆளுக்கு 50 ரூபாய். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல ஆட்டம்.

எடையைப் பார்த்து வாங்குவது

11.5 கிராம் சிப் 500 சேர்ந்தால் ஐந்தே முக்கால் கிலோ. அந்தக் காசில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நீலமும் பச்சையும்

கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கில் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்காரர் கமிஷன்

ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள், காபிக்குக்கூட. தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், இடத்தையோ சீட்டையோ கொடுத்து லாபம் பார்ப்பதை வைத்துத்தான் சூதாட்ட விடுதியை வரையறுக்கிறது.

எண்ணாமல் பெட்டியை மூடுவது

தரையில் சம்மணம் போட்டு ஆடுகிறோம். சிப் வேட்டி மடிப்பில் போகும், ஜமக்காளத்து ஓரச் சுருக்கில் போகும், தலையணைக்கு அடியில் போகும். எல்லாரும் எழுந்து நின்று வேட்டியை உதறிய பிறகு நிறம் நிறமாக இருபது இருபதாக அடுக்கி எண்ணுங்கள். அண்ணன் மகன் அன்றைக்கே ஊதாவையும் பாதிக் கறுப்பையும் ஓரம் கட்டிவிட்டு, சிவப்பில் நான்கு உருளையும் பச்சையில் இரண்டு உருளையும் ஆர்டர் போட்டான். அடுத்த சனிக்கிழமை புதுப் பெட்டியில் முதல் ஆட்டம். மூன்று மணிக்கு எண்ணினால் 499. ஜமக்காளத்தை இரண்டு பேர் பிடித்து முற்றத்தில் உதறினார்கள். ஒரு சிவப்பு உருண்டு போய்த் துளசி மாடத்தில் மோதி நின்றது.