லிங்கர் சொன்ன எச்சரிக்கை

படங்களைச் சுருக்கும் பழைய சி++ நிரலை ரஸ்ட் மொழி நிரலோடு சேர்த்து உலாவியில் ஓடவைக்க எம்ஸ்கிரிப்டனை எடுத்தேன். சி++ நிரலை, உலாவியில் ஓடும் வெப் அசெம்பிளி வடிவுக்கு மாற்றும் கருவி அது. முதலில், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், 'வரையறுக்கப்படாத குறியீடு' என்று நின்றது. அது எளிய கோளாறு. சி++ கம்பைலர் செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரை உருமாற்றி '_இசட்' என்று தொடங்கும் நீண்ட பெயராக்கிவிடுகிறது. ரஸ்ட் தேடுவதோ மூலப் பெயரை. பெயரை உருமாற்றாதே என்னும் பொருளில் சி++ பக்கம் 'எக்ஸ்டெர்ன் சி' என்று அறிவித்ததும் சரியாயிற்று.

அடுத்த சிக்கல்தான் இரண்டு நாள்களை விழுங்கியது. பிழையின்றி இணைந்த நிரல், உலாவியில் படத்தைத் திறந்தவுடன் 'அன்ரீச்சபிள்' (எட்டவே கூடாத இடம்) என்னும் பிழையோடு விழுந்தது. என் 64 பிட் லினக்ஸ் கணினியில் அதே நிரல் ஒழுங்காக ஓடியது.

கம்பைல் பதிவை வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஓர் எச்சரிக்கை: ஒரே செயற்கூற்றின் அளவுருக்கள், அதாவது அது வாங்கும் மதிப்புகள், ஓரிடத்தில் (ஐ32, ஐ32), இன்னோரிடத்தில் (ஐ32, ஐ64). ஐ32 என்பது 32 பிட் முழு எண், ஐ64 என்பது 64 பிட் முழு எண். படத்தின் நீளத்தை ரஸ்ட் பக்கம் 'யு64' என்று எழுதியிருந்தேன். சி++ பக்கம் அது, தளத்துக்கேற்ப அளவு மாறும் 'சைஸ்_டி'. லினக்ஸில் இரண்டும் 8 பைட். 32 பிட் வெப் அசெம்பிளியான வாஸம்32-இல் சைஸ்_டி 4 பைட்தான். வெப் அசெம்பிளியில் அளவுருக்களின் வகை இம்மியும் பிசகக் கூடாது. பொருந்தாத அழைப்புக்குப் பதிலாக லிங்கர், உடனே நின்றுவிடும் வெற்றுச் செயற்கூறு ஒன்றை வைத்துவிடுகிறது.

'யு64'ஐ, ரஸ்டில் சைஸ்_டிக்கு இணையான 'யுசைஸ்' ஆக்கினேன். படம் திறந்தது! இத்தனை கடுமையான பிழையை வெறும் எச்சரிக்கையாக விடுவது தவறு என்றே கருதுகிறேன். இப்போது லிங்கருக்கு, எச்சரிக்கையையும் பிழையாக்கும் '--ஃபேட்டல்-வார்னிங்ஸ்' கொடுத்தே இணைக்கிறேன்.