காயினை விடுவதற்கு முன் பேங்க் ஆப்பைப் பாருங்க

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஆப்பில் ஆளுக்கு ஆள் நேரடியாக யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) விற்கும் தம்பிகளே, "அண்ணா, பணம் போட்டுட்டேன், சீக்கிரம் விடுங்க" என்று ஸ்கிரீன்ஷாட்டோ எஸ்எம்எஸ்ஸோ வந்தால் நம்பாதீங்க. இரண்டையும் போலியாகச் செய்யலாம். உங்கள் பேங்க் ஆப்பில் இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகே எஸ்க்ரோவிலிருந்து (பேரம் முடியும்வரை எக்ஸ்சேஞ்ச் காயினைப் பிடித்து வைக்கும் இடம்) காயினை விடுங்க. போன காயின் தானாகத் திரும்பாது.

எனக்குப் பெரிய கவலை இதுதான்: பணம் போட்டவர் பெயரும் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் உள்ள வாங்குபவர் பெயரும் ஒன்றா? "மச்சான் அக்கவுண்ட்லேர்ந்து போட்டேன்" என்றால் விடாதீங்க, எக்ஸ்சேஞ்சில் அப்பீல் போடுங்க. அது வேறு யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால், சைபர் கிரைம் புகாரில் உங்கள் கணக்கையும் முடக்குவார்கள். சம்பளப் பணத்தைக்கூட எடுக்க முடியாமல் போகலாம்.

டெலிகிராமில் எஸ்க்ரோ இல்லாத பேரம் வேண்டவே வேண்டாம். ஏமாந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் போடுங்க.